தானாக டபுள் கிளிக் ஆகும் மவுஸுக்கு ஆட்டோஹாட்கீ: போட்டுப் பார்த்தது

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் டிடிபி, ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருப்பவர்கள் ஆட்டோஹாட்கீயைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். ஒருதரம் அமுக்கினால் இரண்டுதரம் கிளிக் ஆகிற மவுஸ் எங்கள் கடையிலும் உண்டு, சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கலோடு ஆட்கள் நிற்கும்போதுதான் அது வேலையைக் காட்டும்.

ஆட்டோஹாட்கீ என்பது மவுஸும் கீபோர்டும் எப்படி நடக்கவேண்டும் என்று நாமே ஸ்கிரிப்ட் (சின்னக் கட்டளை வரிகள்) எழுதிச் சொல்கிற புரோகிராம். இலவசம், 2003இலிருந்து இருக்கிறது, விண்டோஸில் மட்டும் ஓடும். இதில் எனக்குப் பிடித்ததே, கோளாறு மவுஸிலா கையிலா என்று ஊகிக்காமல் அளந்தே பார்த்துவிடலாம் என்பதுதான். இடது பட்டன் இறங்கும் நேரம், ஏறும் நேரம் இரண்டையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதச் சொன்னேன். முதலில் இடைவெளி 0, 16 என்றே வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் இதில் நேரம் காட்டுகிற ஏ_டிக்கவுண்ட் 10 முதல் 16 மில்லிசெகண்ட் வரை தாவித் தாவித்தான் நகரும். அதைவிட நுணுக்கமாக நேரம் அளக்கிற, விண்டோஸின் குவெரிபெர்ஃபார்மன்ஸ்கவுண்டரைக் கூப்பிட்டதும் தெளிவாகிவிட்டது: நான் விரலை எடுத்து மறுபடி அமுக்க 80, 100 மில்லிசெகண்ட் ஆகிறது, மவுஸ் தானாகச் செய்வது 6, 11. எந்த விரலும் அப்படி அமுக்காது, உள்ளே சுவிட்சின் தகடு துள்ளுகிறது. விண்டோஸ் வழக்கமாக 500 மில்லிசெகண்டுக்குள் வரும் இரண்டு அமுக்கலை டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்வதால் இதுவும் அதில் சேர்ந்துவிடுகிறது.

சரி, விட்டபிறகு 40 மில்லிசெகண்டுக்குள் வரும் அமுக்கலை விழுங்கச் சொன்னால் தீர்ந்தது. அமுக்கியதிலிருந்து அடுத்த அமுக்கல்வரை அளக்கிற ஸ்கிரிப்டை எடுக்காதீர்கள், துள்ளல் விரலை எடுக்கும்போது வந்தால் அது கோட்டைவிட்டுவிடும். அப்புறம், கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகையின் எழுத்தைப் பிடித்து இழுக்கும்போது பாதியில் நழுவுகிறதே, அதற்கு பட்டன் ஏறியதையும் உடனே நம்பாமல் 30 மில்லிசெகண்ட் பொறுத்து, மறுபடி இறங்கியிருக்கிறதா என்று பார்த்தபிறகே விடச் சொல்லவேண்டும். கையில் அந்தத் தாமதம் தெரியவே இல்லை.

குறை என்றால், 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டது, பழைய ஸ்கிரிப்டுகள் பலவும் அதில் ஓடாது. அட்மினாகத் திறந்த புரோகிராமுக்குள் வேலை செய்ய ஸ்கிரிப்டையும் அட்மினாகவே ஓட்டவேண்டும்.