ஈட்டி மரத்துக்கு "இதர கடின மரம்" என்று எழுதச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள்

மரச்சாமான் பட்டறைக்காக முதன்முறையாக வெளிநாட்டிலிருந்து அறுத்த மரம் தருவித்தேன். விலை பேசியது ஈட்டி மரத்துக்கு, பணம் கட்டியதும் ஈட்டி மரத்துக்குத்தான். ஆனால் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் நீட்டிய சுங்க அறிவிப்பில் "இதர கடின மரம்" என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், வரியும் குறையும்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஈட்டி மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அழியக்கூடிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வணிகச் சரக்கு எல்லை தாண்டக் கூடாது. விற்றவரிடம் அந்தச் சீட்டு கிடையாது. வரிக்காக அல்ல, அதை மறைக்கத்தான் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

துறைமுகத்தில் சுங்கச் சோதனையின்போது நானும் அங்கே நின்றிருந்தேன். அதிகாரி ஒரு பலகையின் வெட்டுமுகத்தைக் கூரிய பிளேடால் மெல்லச் சீவினார். ஈரத் துணியால் துடைத்து, கண்ணுக்கருகே உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். கருஞ்சிவப்பில் ஓடிய வரிகள் எனக்கே தெரிந்தன. ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு துண்டை அறுத்து உறையில் போட்டு ஒட்டினார். என் வயிறு கலங்கிவிட்டது.

ஆய்வக அறிக்கை வரும்வரை, சரக்கு துறைமுகத்தில் தேங்குவதற்கான டெமரேஜ் கட்டணம் நாள்தோறும் ஏறியது. கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் நிறுவனம் தனியாக வாடகை கேட்டது. கடைசியில் மரம் பறிமுதல், பொய்யான அறிவிப்புக்கு அபராதம். வரி குறைத்துக் காட்டிய சரக்கைப் பணம் கட்டி மீட்கப் பல நாடுகளில் வழி உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாத மரத்துக்கு அதுவும் அரிது. ஏஜென்டோ, "அறிவிப்பில் இருப்பது உங்கள் கையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். சட்டப்படி அவர் சொன்னது உண்மை, அதுதான் வேதனை. சிறு பட்டறைக்காரர்களுக்கு மட்டும் நேர்வதல்ல இது: 2016-ல் அமெரிக்காவில் பெரிய தரைப்பலகை நிறுவனம் ஒன்று, மரத்தின் இனத்தையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் பொய்யாக அறிவித்ததற்காக 1.3 கோடி டாலருக்கும் மேல் கட்ட நேர்ந்தது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இன்வாய்ஸில் மரத்தின் அறிவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள். அனுமதிச் சீட்டின் நகலை வாங்கி, அதன் எண்ணை வழங்கிய துறையிடமே கேட்டுச் சரிபாருங்கள். உருட்டுக்கட்டைக்கு 4403, 6 மி.மீ.க்கு மேல் தடித்த அறுத்த மரத்துக்கு 4407 என்ற சுங்கவரிப் பட்டியலின் தலைப்பு எண்களையும் நீங்களே பாருங்கள். சரக்குக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் கட்டைகளில், பூச்சி பரவாதபடி அவற்றைப் பதப்படுத்தியதைக் காட்டும் முத்திரை இருக்க வேண்டும், அதற்கும் சரக்கை நிறுத்துவார்கள்.

சரக்கு கடலில் இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. சுங்கத்துறை கண்டுபிடிக்கும் முன் தானாகப் போய்த் தவறைச் சொன்னால் பல நாடுகளில் தண்டனை குறையும். போகக் கிளம்பியவனை, "வீண் வம்பு எதற்கு?" என்று தடுத்தவரும் அதே ஏஜென்ட்தான்.