தண்டையார்பேட்டையில் ஒரு கிரைண்டரும் 'எஸ்டிமேட்' சீட்டும்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு வீட்டுச் சாமான் ஏதாவது வாங்கித் தருவேன், இந்த முறை டேபிள் டாப் கிரைண்டர். தண்டையார்பேட்டையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். விலை பேசிப் பணத்தைக் கொடுத்ததும் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார்கள். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சு, கீழே பேனாவில் கிறுக்கிய தொகை, கடைப் பெயரும் இல்லை, மாடலும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பில் கேட்டால், "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்கிறார். பில் இல்லாமல் வாரன்டி அட்டையை வைத்து நாக்கு வழிக்கவா? பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம் என்று சொன்னேன், முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

நல்லவேளை. வீட்டில் அரிசியைப் போட்டு ஓடவிட்டால் டிரம்முக்கு அடியில் மாவு கசிந்து மேடையெல்லாம் ஒழுகுகிறது. திரும்பக் கொண்டு போனால், பில்லின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டுகிறார். கலர் பிடிக்கவில்லை என்று போனால் அவர் சொல்வது சரி. ஆனால் பொருளிலேயே குறை இருந்தால் அந்த வரி செல்லாது, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும்.

கடையில் கத்திப் பயனில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டேன், தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்பவர்கள் இல்லை, புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு வேறு கிரைண்டர் மாற்றிக் கொடுத்தார்.

ராயபுரத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் 'கூலிங்' காசு கேட்டது தனிக்கதை. சிங்கப்பூரில் எம்ஆர்பியே கிடையாது, இங்கே இருந்தும் இப்படி. அதற்குப் புகார் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும்.

நாம் பிளேன் ஏறிவிட்டால் அப்புறம் யார் அலைவது என்றுதான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான், அதனால் அம்மாவே தன் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷம் வரை அவகாசம் உண்டு, விசாரணைக்கு வீடியோவில் வரவும் கேட்கலாம். இருந்தாலும் வீட்டுக்கு வாங்கும் சாமானுக்கு அம்மா பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள், சீரியல் நம்பரோடு.