அணைத்தாலும் திரும்பி வரும் 7.1

காது மெத்தைகளின் செயற்கைத் தோல் உரிந்துபோனதால் துணி மெத்தைகளை வாங்கி மாட்டினேன். இந்த யுஎஸ்பி கேமிங் ஹெட்செட் மீண்டும் புதியதுபோல் ஆகிவிட்டது. நெடுநேரம் விளையாடினாலும் தலை வலிப்பதில்லை. மைக்கில் என் குரல் தெளிவாக இருப்பதாக உடன் விளையாடுபவர்கள் சொல்கிறார்கள். நான் எழுத வந்தது, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 7.1 சரவுண்டை, அதாவது எட்டுத் தடங்களில் நம்மைச் சுற்றிலும் ஒலி கேட்கச் செய்யும் வசதியைப் பற்றி மட்டுமே.

காதுக்கு ஒன்றாக இதில் இரண்டே டிரைவர்கள்தாம் (ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள்) உள்ளன. எட்டுத் தடங்களின் ஒலியையும் மென்பொருள்தான் அவற்றுக்குள் அடக்குகிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நமக்கும் காதுகள் இரண்டுதான். வலப்புறம் எழும் ஓசை இடக்காதை எட்ட அதிகபட்சம் ஏறத்தாழ 0.7 மில்லிவிநாடி தாமதமாகிறது, தலை மறைப்பதால் சற்று மங்கியும் கேட்கிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதையோ, காதுமடலின் மடிப்புகள் ஒலியில் உண்டாக்கும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டே மூளை பெரும்பாலும் கண்டுகொள்கிறது. இவற்றையெல்லாம் அளந்து கணக்காக்கியதுதான் எச்ஆர்டிஎஃப். ஆனால் அந்த அளவு என் காதுமடலில் எடுக்கப்பட்டதன்று. ஆகவே பின்னால் வருபவர் பல வேளைகளில் முன்னால் வருவதாகவே எனக்குக் கேட்கிறது.

அதையாவது பழகிக்கொள்ளலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் ஆகிய கேம்களிலேயே எச்ஆர்டிஎஃப் வசதி இருக்கிறது. எதிரி நிற்கும் இடம் கேமுக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால் திசையும் சரியாக அமைகிறது. அதன்மேல் ஹெட்செட்டும் தன் கணக்கைப் போடும்போது, காலடி ஓசை குளியலறைக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்துத் திசையை இழந்துவிடுகிறது. 7.1ஐ அணைத்துவிட்டு வெறும் ஸ்டீரியோவில் கேட்டால், கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் மிராஜ் மேப்பில் அபார்ட்மென்ட்ஸ் பகுதியில் நடப்பவர் எவ்வளவு நெருங்கிவிட்டார் என்பதுவரை பிடிபடுகிறது. இந்த டிரைவர்களின் உண்மையான அருமை அப்போதுதான் தெரிகிறது. அந்த அருமையைத்தான் இதன் மென்பொருள் கெடுக்கிறது: கணினியை மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் 7.1 தானாகவே இயங்கத் தொடங்குகிறது, பல அப்டேட்டுகள் வந்த பிறகும் இது சரிசெய்யப்படவில்லை.

5.1 ஒலித்தடம் கொண்ட படங்களைப் பார்க்கும்போது அதே 7.1 நன்றாகவே உதவுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒலி, மைக், உழைப்பு மூன்றிலும் இதற்குக் குறை சொல்ல முடியாது. இருந்தும், விலை குறைந்திருக்கும் இப்போதுகூட இதை வாங்கும்படி சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அதே பணத்துக்கு 3.5 மிமீ பின் கொண்ட நல்ல ஸ்டீரியோ ஹெட்ஃபோன் ஒன்றை வாங்குங்கள். படம் பார்க்க சரவுண்ட் வேண்டுமென்றால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் சோனிக் இலவசமாகவே கிடைக்கிறது, அணைத்தால் அது அணைந்தே இருக்கிறது.