30 கிளிக் திருகியும் போகாத அடி

என் காரின் முன் வலது ஷாக்கில், அதாவது சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் குழாயில், எண்ணெய் கசிந்தது. நான்கையும் கழற்றி, சீல் மாற்றி, எண்ணெயும் நைட்ரஜனும் புதிதாக நிரப்பி மாட்டி மூன்று வாரம் ஆகிறது. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் போன் செய்தார். "அட்ஜஸ்டபிள் காயில்ஓவர் போடலாம்னு இருக்கேன். நீங்க நாலு வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" அரை மணி நேரம் பேசியும் என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காயில்ஓவர் என்பது ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே அலகாகச் சேர்ந்தது, அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. என்னுடையதில் முன்பக்கம் 4 கிலோ/மி.மீ. ஸ்பிரிங் (ஒரு மி.மீ. அமுக்க 4 கிலோ பாரம் வேண்டும்), கம்பெனி ஸ்பிரிங் ஏறக்குறைய 2 இருக்கும். ஷாக்கின் கெட்டித்தன்மையை மாற்ற 30 கிளிக் (படி) கொண்ட குமிழ். உயரத்தை மாற்ற ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரே ஒரு திருகு வளையம். அந்த ஒற்றை வளையத்தை மறந்துவிடாதீர்கள், என் கோபம் எல்லாம் அங்கேதான் போய் முடியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஷாக்கில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி முதலில் சாயும், அப்புறம்தான் திரும்பும். இப்போது சாய்வும் திருப்பமும் ஒன்றாக நடக்கின்றன. வேகமாகப் போகும்போது ஒரு மேடு ஏறி இறங்கினால் ஒரே அமுக்கில் அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் நீண்ட வளைவு வந்தாலே என் மனைவி கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். காயில்ஓவர் போட்ட இரண்டாவது மாதமோ என்னவோ, அவள் கை மடியிலேயே இருப்பதைக் கவனித்தேன். அவளுக்கே அது தெரியாது. எனக்கு அந்தக் கணத்தில் வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ஸ்பிரிங் இருமடங்கு கெட்டி என்றதும் வண்டி கல் மாதிரி ஆகிவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 300 கிலோ என்று வையுங்கள். 2 கிலோ ஸ்பிரிங்கில் அந்த மூலை விநாடிக்குச் சுமார் 1.3 முறை ஆடும், 4 கிலோ ஸ்பிரிங்கில் சுமார் 1.8 முறை. ஸ்பிரிங் இருமடங்கானாலும் ஆட்டம் 1.4 மடங்குதான் கூடுகிறது. வீட்டுக் கார்கள் பொதுவாக 1 முதல் 1.5 வரை இருக்கும். 1.8 என்பது கெட்டிதான், ஆனாலும் மனிதர் உட்கார்ந்து போகக்கூடியது.

சரி, அப்படியானால் அந்த அடி எங்கிருந்து வந்தது?

பாலங்களின் மேல் இணைப்பு இருக்குமே, குறுக்கே ஓடும் அந்த வெட்டு. அதில் ஏறும்போதெல்லாம் இருக்கைக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டின மாதிரி ஒரு அடி விழும். குழிகூட அவ்வளவு தொந்தரவு இல்லை, இந்தச் சின்ன வெட்டுதான். அப்பாவுக்கு முதுகு வலி உண்டு. பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர், பாலம் தெரிந்ததுமே இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி உடம்பை ஒரு அங்குலம் தூக்கிக்கொள்வார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணாடியில் அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வண்டியை விற்றுவிடலாமா என்று தோன்றும்.

குமிழைத் திருகினேன். கடைசிக் கெட்டியிலிருந்து எண்ணிக்கொண்டு 10, 14, 18, 22 என்று போனேன். பின்பக்கக் குமிழுக்கு டிக்கியில் ஓரத்து உறையைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றினேன். 22இல் வண்டி நெடுஞ்சாலையில் படகு மாதிரி இரண்டு தரம் ஆடியது, ஆனால் பால இணைப்பின் அடி அப்படியேதான் இருந்தது. எதிர்ப்பக்கம் போய் 6 வைத்தால் இன்னும் மோசம். ஒன்றரை வருடம் இதிலேயே போனது.

இப்படிப்பட்ட ஒற்றைக் குமிழ் பெரும்பாலும் ஷாக் நீளும்போது தரும் தடையைத்தான் மாற்றுகிறது. ஷாக் மெதுவாக அசையும்போது எண்ணெய் போகிற சின்ன வழியைத் திறந்து மூடுகிற ஊசி அது. வளைவில் சாய்வது, பிரேக்கில் மூக்கு தாழ்வது எல்லாம் இந்த மெதுவான அசைவு. பால இணைப்பில் சக்கரம் சட்டென்று மேலே பாய்கிறது. அந்த வேகத்தில் எண்ணெயைத் தடுப்பது பிஸ்டனில் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகள். அவற்றைக் குமிழ் தொடுவதே இல்லை. நீளும் தடையை ரொம்பக் கெட்டியாக வைத்தால் இன்னொரு வினையும் உண்டு. அடுத்தடுத்து மேடுகள் வரும்போது சக்கரம் கீழே இறங்க நேரம் போதாமல், வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். 6இல் மோசமானதற்குக் காரணம் இதுதான்.

உண்மை தெரிந்தது ஒரு பிளாஸ்டிக் டையால். ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு டையை இறுக்காமல் கட்டி, கீழே ஷாக்கின் குழாய்வரை தள்ளிவிட்டு, வழக்கமான பாதையில் ஓட்டினேன். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு மேலே டை போய் நின்றுவிடும். திரும்பி வந்து தூசி உறையைத் தூக்கிப் பார்த்தால் டை கண்ணிலேயே படவில்லை. விரலை விட்டுத் தேடினேன். பம்ப் ஸ்டாப்பின், அதாவது ஷாக் முழுதாக அமுங்கும்போது மோதுவதைத் தாங்கும் தடுப்பின், மஞ்சள் நுரைக்குள் பாதி புதைந்திருந்தது. நுரையின் அடிவிளிம்பு கசங்கி, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

அந்த ஒற்றை வளையத்தை இறக்கி வண்டியை 40 மி.மீ. தாழ்த்தியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நிற்கும் நிலையில் ஷாக்குக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே இருந்தது வெறும் 20 மி.மீ. 4 கிலோ ஸ்பிரிங்கில் அந்த 20 மி.மீ.ஐ மூட 80 கிலோ கூடுதல் பாரம் போதும். அதற்கப்புறம் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்வதில்லை, நுரையும் சேர்ந்து கெட்டித்தன்மை பல மடங்காக எகிறுகிறது. செங்குத்து அதிர்வில் மனித உடம்புக்கு அதிகம் உறைப்பது விநாடிக்கு 4 முதல் 8 முறை. நுரையில் மோதும்போது வண்டியின் ஆட்டம் அந்த வேகத்தை நோக்கித்தான் போகிறது. அப்பா கை ஊன்றியது ஸ்பிரிங்குக்காகவும் அல்ல, குமிழுக்காகவும் அல்ல.

வளையத்தை 18 மி.மீ. மேலே ஏற்றினேன். சேறும் உப்பும் ஏறி இறுகிப்போயிருந்த வளையம் அது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்த பிறகுதான் அசைந்தது. வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகி வண்டி கெட்டியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் மேல் இருப்பது அதே எடைதான், அதனால் அது அமுங்கும் அளவும் அதேதான். வண்டி 18 மி.மீ. உயர்கிறது, அமுங்க இடம் 38 மி.மீ. ஆகிறது, அவ்வளவே. இன்னொன்றும் கிடைத்தது. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் அமைப்பு) உள்ள வண்டியைத் தாழ்த்தினால், வண்டி எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் வண்டியைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. தாழ்த்திச் சம்பாதித்ததில் ஒரு பங்கை அங்கேயே இழக்கிறோம். உயர்த்திய பிறகு வளைவில் எனக்கு எதுவும் குறையவில்லை.

பாலத்தில் அப்பாவைக் கூட்டிப் போனேன். முதல் இணைப்புக்கு முன் கையை ஊன்றினார். மூன்றாவதிலோ நான்காவதிலோ எடுத்துவிட்டார்.

இதற்குப் பிறகு எனக்குக் கோபம் யார் மேல் வர வேண்டும்? செட்டோடு வந்த தாளில் 30 கிளிக்கும் வண்ணப் படமாக இருந்தது, "மென்மை" என்று ஒரு அம்புக்குறி வேறு. பம்ப் ஸ்டாப் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. சரி, நியாயமாகச் சொன்னால், 4 வருடத்தில் ஷாக் கசிவது தப்பில்லை. உறுதியான பொருள்தான், பாகம் பாகமாகப் பிரித்துச் சரிசெய்ய முடிகிறது. ஆனால் ஒன்றரை வருடம் என் அப்பா முதுகில் வாங்கிய அடிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரிசெய்து மாட்டியபோதும் ஒரு வாரம் வண்டி வெடுக் வெடுக்கென்று இருந்தது. பட்டறையில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையில் இருக்கும் புஷ்ஷின் (ரப்பர் உறையின்) போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும். தளர்த்தி, தரையில் நிற்க வைத்து மறுபடி இறுக்கியதும் சரியானது. உயரம் மாறினால் வீல் அலைன்மென்ட்டும் முகப்பு விளக்கின் கோணமும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்று நான் வாங்கினால் கிளிக் எண்ணிக்கையைக் கேட்கவே மாட்டேன். இரண்டு வளையம் உள்ளதாகத் தேடுவேன், ஒன்று ஸ்பிரிங்குக்கு, இன்னொன்று ஷாக்கின் அடிப்பகுதிக்கு. அடிப்பகுதியைத் திருகி உயரத்தை மாற்றினால் ஷாக் அமுங்கும் இடம் குறையாது, சக்கரம் ஃபெண்டரில் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஷாக்கை மேலே வண்டியோடு பிடிக்கும் மவுண்ட் ரப்பராக இருக்க வேண்டும். உலோகப் பந்து மவுண்ட் பந்தயத்துக்குச் சரி, தினசரி ஓட்டத்தில் டக் டக் என்று காதைத் தின்னும். முன், பின் ஸ்பிரிங் இரண்டின் எண்ணையும் கேட்பேன். ரோல்ஸ் ராய்ஸில் இருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி 1930களிலேயே காட்டியது இது: மேட்டில் பின்சக்கரம் தாமதமாகத்தான் ஏறுகிறது, அதனால் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஆடினால் இரண்டும் சீக்கிரம் ஒத்துப்போய், தலை முன்னும் பின்னும் ஆடுவது நிற்கும். என் செட்டில் இது சரியாக அமைந்திருந்தது. அந்தப் புண்ணியம் அதைச் செய்தவர்களுக்கு உண்டு.

நண்பருக்கு நேற்று பதில் சொல்லிவிட்டேன். வேண்டாம். அவர் வண்டியில் எப்போதும் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். அவருக்கு நல்ல புது ஷாக்கும் கம்பெனி ஸ்பிரிங்கும் புஷ்களும் போதும். "அப்போ நீங்க கழட்டிடுவீங்களா?" என்று கேட்டார். மாட்டேன். முன்பக்கம் 14, பின்பக்கம் 16, தாழ்வு 22 மி.மீ. தண்டில் அந்த டையை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை உறையைத் தூக்கிப் பார்க்கிறேன். போன ஞாயிறு பார்த்தபோது நுரைக்கு ஒரு விரல்கடை கீழேயே நின்றிருந்தது.