கழிவுநீருக்கு இயந்திரமா, குளமா?

வன்னியில் ஒரு சிறு ஊருக்குக் கழிவுநீர்த் திட்டம் என்றால் பேச்சு இரண்டில்தான் வந்து நிற்கும்: காற்று அடிக்கும் இயந்திர நிலையம், இல்லாவிட்டால் வரிசையாக வெட்டிய நிலைப்படுத்தல் குளங்கள், அதாவது கழிவுநீரைத் தேக்கித் தானாகத் தெளியவிடும் குளங்கள்.

இயந்திரத்துக்குக் காணி கொஞ்சம் போதும், தண்ணீர் தொட்டிக்குள் சில மணித்தியாலங்கள் நின்றாலே பெரும்பாலும் தெளிந்துவிடும், அது உண்மை. ஆனால் அந்த வேலையைச் செய்கிற நுண்ணுயிர்களுக்கு இரவு பகலாகக் காற்று வேண்டும், காற்றுக்குக் கரண்ட் வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதே, அப்படி நின்றால் தொட்டி கறுத்து அழுகின முட்டை மணம்தான் வரும். அப்புறம் சேற்றை அடிக்கடி எடுக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், கடைசியில் கிருமி கொல்லக் குளோரினும் வேண்டும்.

குளத்துக்கு வெயில் போதும், அது எங்களிடம் தாராளம். முதல் குளம் ஆழமானது, அடியில் கசடு படியும். அடுத்தது ஒன்றரை மீற்றர் அளவு, அதில் பச்சைப் பாசி பகலில் ஒட்சிசன் விடும். கடைசிக் குளம் ஒரு மீற்றர்தான், வெயில் நன்றாக இறங்கிக் கிருமியைக் கொல்லும். ஆனால் தண்ணீர் தெளிய இரண்டு மூன்று கிழமை ஆகும், காணியும் நிறையப் போகும். கரையில் புல்லை வளரவிட்டால் நுளம்பு பெருகும்.

நான் குளத்தின் பக்கம்தான். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: அடியைக் களிமண் போட்டு இறுக்காவிட்டால் பக்கத்துக் கிணறுகளில் நைத்திரேற்று என்கிற கழிவு உப்பு ஏறும், அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். மாரி வெள்ளம் ஏறாத மேட்டுக் காணியாகவும் பார்க்க வேண்டும்.