அரை அடி பத்தாத வயர்: டிக்கியில் நான்கு வருடம் கிடந்த சிவப்புப் பை

மச்சினன் புது கார் எடுத்திருக்கிறான். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே டிக்கியைத் திறந்து காட்டி, "மாமா, ஸ்டெப்னி இல்லாமலே வண்டி குடுக்கறாங்க, தெரியுமா?" என்றான். தெரியும். டயரில் காற்று இறங்கினால் டாஷ்போர்டில் காட்டுகிற வசதியும் ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டும் இருந்துவிட்டால், 3.5 டன்னுக்குள் இருக்கிற வண்டிக்கு மாற்று டயரான ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 அக்டோபரிலிருந்தே விதி மாறிவிட்டது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "உங்க டிக்கில ஒரு சிவப்புப் பை கிடக்குமே, அது எப்படி? நல்லா இருந்தா லிங்க் அனுப்புங்க."

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அந்தப் பையில் இருந்த காற்றுப் பம்பை அதற்கு முந்தின வாரம்தான் ரிப்பேர் பார்த்து வாங்கி வந்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. வாயில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று எழுதி அனுப்புகிறேன்.

வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவும் என்று 2021 கோடையில் வாங்கிய அவசரப் பை அது. 2,600 ரூபாய். அதே சாமான் ஐந்தாறு பெயரில் கிடைக்கிறது, அதனால் பெயர் முக்கியமில்லை. பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க ரோட்டில் வைக்கிற முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஜம்பர் கேபிள், இழுவைக் கயிறு, டார்ச், கையுறை, காற்றுப் பம்ப் என்று வழக்கமாக வருகிற எல்லாம் உண்டு. பணம் கட்டியபோது யோசிக்காத ஒன்று, முக்கோணத்தையும் முதலுதவிப் பெட்டியையும் புது வண்டியோடு கம்பெனியே கொடுத்தாக வேண்டும் என்பது. என் வண்டியிலும் இருந்திருக்கிறது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். ஆக, காசில் ஒரு பங்கு முதல் நாளே போச்சு.

அதிலும் பையில் வந்த முக்கோணத்துக்கு எடையே இல்லை. நம் பெங்களூரு–சேலம் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி கடந்துபோனால் போதும், அந்தக் காற்றுக்கே மல்லாந்துவிடும். 50 மீட்டர் பின்னால் நடந்து போய் வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அது படுத்திருக்கும். கம்பெனி கொடுத்ததற்குக் கால் கனமாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டேன்.

மற்றதையெல்லாம் தர்மபுரி வெயில் பார்த்துக்கொண்டது. மே மாதம் மதியத்தில் வெளியில் நிறுத்திய காருக்குள் கை வைக்க முடியாது. அதற்குள் நாள் முழுக்கக் கிடந்தால் பிளாஸ்திரியின் பசை என்னவாகும்? ஒருநாள் மகளுக்கு முட்டியில் சிராய்ப்பு. பிளாஸ்திரியைப் பிரித்தால் பசை காகிதத்தோடு போய்விட்டது, கையில் வந்தது வெறும் துணி. டார்ச்சுக்குள் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. இப்போது செல்லைக் கழற்றித் தனிக் கவரில் வைக்கிறேன். வைகாசி பிறக்கும்போது பிளாஸ்திரி, பேண்டேஜ், ஆயின்மென்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன். பவர் பேங்கை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடாதே, மாப்ள. அந்தச் சூட்டில் உப்பிவிடும்.

சரி, பம்புக்கு வருகிறேன்.

பம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சொல்லும்போதே எரிச்சலாக இருக்கிறது. லைட்டர் சாக்கெட்டில் சொருகி, காற்றின் அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று செட் பண்ணிவிட்டால் தானே நின்றுவிடும். 18-க்கு இறங்கிய டயரை 33-க்கு ஏற்ற ஐந்து நிமிடம். இன்ஜினை ஓடவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி தீரும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, ஆறவிட வேண்டும். சத்தம் மட்டும் மிக்ஸியில் கொத்தமல்லி விதையைப் போட்டது போல. எங்கள் தெரு நாய்கள் மூன்றும் எழுந்து நிற்கும்.

அதன் வயரைத்தான் நான்கு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அட்டைப் பெட்டியில் 3 மீட்டர் என்று அச்சடித்திருக்கிறது. தையல் டேப் வைத்து அளந்தேன், 2 மீட்டர் 70. முன் டயர் இரண்டுக்கும் தாராளம். பின் டயருக்கு முன் சீட் இரண்டுக்கும் நடுவே வயரை விட்டு, பின்கதவைத் திறந்து வெளியே இழுத்தால், பம்ப் தரையில் உட்காராது. அரை அடி பத்தாது. அந்தரத்தில் தொங்கும். யாராவது கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். இதை வடிவமைத்தவர் காருக்குப் பின்னாலும் இரண்டு டயர் உண்டு என்று கேள்விப்பட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது.

போன வருடம் ஆவணியில் சேலத்தில் ஒரு கல்யாணம். வரவேற்பு முடிந்து கிளம்பும்போதே மணி பத்து. தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி இடது பக்கம் இழுத்தது. அந்த இடத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரட்டைப் பாலம் பக்கம் லாரி கவிழ்ந்த செய்தி இல்லாத மாதம் குறைவு. ஏறுகிற பக்கமானாலும் அங்கே நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு உருட்டியே மேலே வந்து, வெளிச்சம் உள்ள இடம் பார்த்து டோல்கேட் பக்கம் ஓரங்கட்டினேன். பின் இடது டயர், 14 காட்டியது. ஒரு ஆணி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. ட்யூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்கக் கூடாது. இருக்கிறவரைக்கும் அதுவே அடைப்பு.

ஸ்டெப்னி மாற்றலாம். ஆனால் டிக்கியில் அம்மாவின் பெட்டி, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள், சித்தி கொடுத்தனுப்பிய அரை மூட்டை அரிசி. எல்லாவற்றையும் இறக்கினால்தான் ஸ்டெப்னி. பம்ப் போதும் என்று முடிவு செய்தேன். அம்மாவைப் பின் சீட்டிலிருந்து இறக்கி, கதவைத் திறந்து, வயரை இழுத்து, என் மனைவி பட்டுப் புடவையோடு குந்தி உட்கார்ந்து பம்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். மூன்றாவது நிமிடத்தில் அது சுட ஆரம்பித்தது. முந்தானையைச் சுருட்டி அடியில் கொடுத்தாள். பம்ப் அதிர, அவள் கை வளையலும் சேர்ந்து அதிர, 27, 28 என்று எண் ஏறுவதை நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓரமாக நின்றபடி, "ஏன்டா, கொஞ்சம் நீளமா வயர் வெச்சா குடிமுழுகிப் போயிடுமா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை.

அன்று டயர் வீடுவரை தாங்கியது. காலையில் பஞ்சர் கடையில் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி வைத்தார்கள். அந்த ராத்திரியில் நான் கற்றுக்கொண்ட தந்திரம் ஒன்று: டயரில் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு சாண் கூடும், குறையும். வண்டியை அரைச் சுற்று உருட்டி வால்வை முன்பக்கம் கொண்டுவந்தால் கையில் ஏந்துகிற உயரமாவது குறையும்.

அப்புறம் புத்தி சும்மா இருக்கவில்லை. வயரை நானே நீட்டுகிறேன் என்று வீட்டில் கிடந்த பல்பு வயரை மூன்று மீட்டர் வெட்டி ஒட்டுப்போட்டேன். பம்ப் ஓடியது, ஆனால் முனகியது. ஐந்து நிமிட வேலை பதினொரு நிமிடம் ஆனது. டேப் சுற்றிய இடத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டது.

ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பத்து ஆம்பியர் இழுக்கும் சார். சீரியல் பல்புக்குப் போடற வயரைப் போட்டிருக்கீங்க." வீட்டு லைனில் 230 வோல்ட்டில் இரண்டு வோல்ட் வயரிலேயே போனால் யாருக்கும் தெரியாது. காரில் இருப்பதே 12. அதில் இரண்டு போனால் ஆறில் ஒரு பங்கு காலி, மோட்டார் திணறும், போன இரண்டும் வயரில் சூடாகத்தான் வெளியே வரும். சொன்னபடியே பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றினார். உள்ளே விரல்நுனி அளவு கண்ணாடி ஃபியூஸ், கறுத்துப் போயிருந்தது. பத்து ரூபாய் சாமான். இப்படி ஒன்று உள்ளே இருப்பதே நான்கு வருடமாக எனக்குத் தெரியாது. தடித்த வயர் ஐந்து மீட்டர் போட்டு, சாக்கெட்டே வேண்டாம், நேராக பேட்டரியில் கவ்வுகிற மாதிரி இரண்டு கிளிப் வைத்து, நடுவே ஃபியூஸும் வைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 450. இப்போது பம்பைப் பின் டயர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வயரைத் தொட்டால் குளிர்ந்திருக்கிறது. 450 ரூபாய்க்கு நடக்கிற காரியத்தை 2,600 வாங்கினவர்கள் செய்திருக்கக் கூடாதா?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போன வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். அதைப் பார்த்த பிறகு ஒரு சின்னச் சுத்தியல் வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீரில் மாட்டினால் பக்கத்துக் கண்ணாடியின் மூலையில்தான் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் தாள், விரிசல் விடுமே தவிர உடைந்து விழாது. அந்தச் சுத்தியலைச் சிவப்புப் பைக்குள் போட்டு டிக்கியில் வைத்தால் ஒரு பயனும் இல்லை. ஆம்புலன்ஸுக்கு 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033, இரண்டையும் அம்மாவின் போனிலும் பதிந்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம். இந்த நான்கு வருடத்தில் பெட்ரோல் பங்க்கில் "காற்று ரிப்பேர்" அட்டையைப் பார்த்துத் திரும்பிய ராத்திரிகளில் எல்லாம் எனக்குக் கவலையே இருந்ததில்லை. பொங்கலுக்குத் தெருப் பையன்களின் பந்து இதில்தான் ஊதுகிறது. பென்னாகரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது மண்டபத்து வாசலில் காற்றடித்துக்கொள்ள மூன்று பைக்குகள் வரிசையில் நின்றன. அதில் ஒரு பெரியவர், காற்றடித்த டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

ஆனாலும் மாப்ள, இந்தப் பையை வாங்காதே. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் மோட்டாருக்காக. பேட்டரி கிளிப் வைத்த பம்ப் தனியாக வாங்கு, இரண்டு உதிரி ஃபியூஸ் வாங்கு, உனக்கு ஸ்டெப்னி வேறு இல்லை, அதனால் பஞ்சர் திரி போட ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொள். முக்கோணம் உன் வண்டியிலேயே இருக்கும், தேடிப் பார்.

இதையெல்லாம் எழுதி நேற்று ராத்திரி அனுப்பினேன். காலையில் பதில் வந்திருக்கிறது: "சரி மாமா. அவ்வளவு மோசம்னா உங்க பம்பை எனக்குக் குடுத்துடுங்க, கிளிப்பெல்லாம் போட்டு ரெடியா இருக்கு. நீங்க புதுசு வாங்கிக்கங்க."

இன்னும் பதில் போடவில்லை. டிக்கியைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.