மலைப்பூண்டு காம்போ என்று 4,860 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள், வாங்கிவிடாதீர்கள்

கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸில் அடிக்கடி வரும் ஒரு 'மலைப்பொருள்' கடையில் 4,860 ரூபாய் கொடுத்து வாங்கியது இவ்வளவுதான்: ஒரு கிலோ கொடைக்கானல் மலைப்பூண்டு, ஒரு பாட்டில் தேன் பூண்டு, மூன்று டப்பா பூண்டு காப்ஸ்யூல். 'எதிர்ப்பு சக்தி காம்போ' என்று பெயர் வேறு.

வீடியோவில் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை கிராமத்தின் படிக்கட்டு வயல், புகையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பூண்டு, மூலையில் புவிசார் குறியீட்டு முத்திரை எல்லாம் இருந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் அந்தக் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அது பூண்டு எந்த மண்ணில் விளைந்தது என்பதற்கான அடையாளம். எவனோ அரைத்து அடைத்த காப்ஸ்யூல் நோயைத் தீர்க்கும் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் மாதிரி காட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் வித்தை.

பணம் அனுப்பும் முன் போனில் தெளிவாகவே கேட்டேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறார், இது ஒத்துக்கொள்ளுமா என்று. "அக்கா, பூண்டு உணவுதானே, எந்த மாத்திரையோடயும் போடலாம், எங்கப்பாவுக்கே தினமும் குடுக்கிறேன்" என்றான். அந்த 'எங்கப்பாவுக்கே'வுக்குத்தான் 4,860 ரூபாய்.

வந்தது சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பூண்டு. புகை வாசமும் இல்லை, மலைப்பூண்டின் காரமும் இல்லை. தேன் பாட்டில் மூடி உப்பி, திறந்ததும் நுரை பொங்கியது, அதைக் குப்பையில் போட்டேன். காப்ஸ்யூல் மட்டும் பார்க்க நன்றாக இருந்ததால் அப்பா சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், நிற்கவே நேரமாகிறது. இதய மருத்துவர் டப்பாவைப் பார்த்ததுமே நிறுத்தச் சொன்னார். பூண்டுக்கே ரத்தம் உறைவதைக் குறைக்கும் தன்மை உண்டாம். குழம்பில் நாலு பல் போடுவது வேறு, செறிவாக்கி அந்த மாத்திரைகளோடு சேர்த்து விழுங்குவது வேறு, அறுவை சிகிச்சைக்கு முன்னால்கூட பூண்டு காப்ஸ்யூலை நிறுத்தச் சொல்வோம் என்றார்.

கடைக்குப் போன் போட்டால், "உடம்புல இருக்கிற நச்சு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி, ஒரு மண்டலம் முழுசா சாப்பிடச் சொல்லுங்க" என்கிறான்! ஒரு மனுஷனுக்கு ஈறில் ரத்தம் வருகிறது, இவனுக்கு நல்ல அறிகுறி. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா, குடோனில் கேட்டுச் சொல்கிறோம், ஓனர் ஊரில் இல்லை, இயற்கைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. கடைசியில் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். அவன் பக்கத்தில் நான் போட்ட கமெண்டையும் காணோம். 4,860 ரூபாய் போனது போனதுதான் போல.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சீக்கிரமாகச் சொல்கிறேன். உணவுப் பொருள் என்றால் டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்க வேண்டும், சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண். இந்த டப்பாவில் இரண்டுமே இல்லை, ஒரு சிவலிங்கப் படம்தான் இருந்தது. வீட்டில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால், பூண்டு காப்ஸ்யூல் எந்தக் கடையுடையதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். எதிர்ப்பு சக்திக்கு என்று யாராவது ஆரம்பித்தால் போனை வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் கொடுத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே கடை விளம்பரம் திரும்ப வருகிறது, இந்தத் தடவை கருஞ்சீரகக் காம்போவாம்.